தண்ணி முட்டை

கர்நாடகத்தின் கொப்பள் ஊர் ஆஸ்பத்திரியில், உச்சி வெயில் ஜன்னல் வழியே ஆட்டு மந்தைக் கீதாரி மைலாரப்பனின் தாடைமேல் விழுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் எலுமிச்சை அளவு வீக்கம். நீரை உறிஞ்சிச் சோதிக்க டாக்டர் வீணா ஊசியை அருகே கொண்டுபோகிறாள். "சீக்கிரம் குத்துங்க டாக்டரம்மா, மந்தை தனியா நிக்குது. நாங்க அறுக்கிற ஆட்டு ஈரல்லகூட இப்படித் தண்ணி முட்டை இருக்கும். நாய்க்குப் போட்டுருவோம். அது என் கம்பளிக்குள்ளதான் தூங்கும்." வீணாவின் கை அந்தரத்தில் உறைகிறது. நாயின் குடல்புழு முட்டையால் வளரும் நீர்க்கட்டி! குத்தி, நீர் உள்ளே கசிந்தால் ஒவ்வாமையில் இந்த மேசையிலேயே அவன் மூச்சு நின்றுபோகலாம். தோலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. "அசையாதீங்க அண்ணா. இதை உடையாம, முழுசா அறுத்துத்தான் எடுக்கணும்." ஊசி தட்டில் விழுந்து ஒலிக்கிறது. மைலாரப்பன் அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். "அறுக்கப்போறது என்னை. உங்களுக்கு ஏம்மா இப்படி வேர்க்குது?"