ஜெயபுரத்துக் குரங்குப் பல்

சமாதான காலம். லண்டனிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கணபதி, மயில்வாகனத்தாரின் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தபடி, உள்ளங்கையில் கிடந்த பல்லைப் பார்த்துப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எடுத்தனீங்கள்?"

"என்ர காணி வேலியோரம் ஐயா. மழைக்குக் கிளம்பிக் கிடந்தது. மாட்டுப் பல்லெண்டு எறியப் பாத்தனான்."

"எறியவோ! இது இராட்சதக் குரங்கின்ர பல்லு. இனமே அழிஞ்சு லட்சக்கணக்கான வருசம். பல்லையும் தாடையையும் தவிர வேற எலும்பை உலகத்தில ஒருத்தரும் கண்டதில்லை. முதல் பல்லே ஹொங்கொங்கில ஒரு மருந்துக் கடையில, இடிச்சு விக்க வச்சிருந்த சாமானுக்குள்ளதான் கிடைச்சது."

"மருந்துக் கடையிலயோ?" மயில்வாகனத்தார் வாயைப் பிளந்தார்.

முழு எலும்புக்கூடும் கிடைத்தால் உலகம் முழுக்கத் தன் பெயர்தான் என்று பேராசிரியருக்குத் தலை சுற்றியது. ஆனால் வேலிக்கு அப்பால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. வயல் முழுவதும் மிதிவெடி. மயில்வாகனத்தாரும் பக்கத்துக் காணிக்காரர் கச்சு முகம்மதுவும் வெடி அகற்றுகிறவர்களிடம் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். முதலில் றோட்டு, பிறகு பள்ளிக்கூடம், வயல் எல்லாம் கடைசியில்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

செத்துப்போன குரங்குக்கு அந்த வரிசை கிடையாது. பேராசிரியர் கிளிநொச்சிக்குப் போய் வெளிநாட்டுக்கு ஒரு தொலைபேசி எடுத்தார். அடுத்த கிழமையே ஆட்கள் வந்து இறங்கி, மயில்வாகனத்தாரின் காணியை அங்குலம் அங்குலமாகத் தடவித் துப்புரவாக்கிக் கொடுத்தார்கள்.

மயில்வாகனத்தாரின் மனைவி கமலாசனிக்குத்தான் வயிறு எரிந்தது.

"இஞ்சாருங்கோ, அந்தாள் பல்லைத் தன்ர பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுறார். நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள். அதை வித்தெண்டாலும் விதைக்க ஒரு துண்டு நிலம் வாங்குவமெண்டு நான் நினைச்சிருக்கிறன்."

"படிச்ச மனிசனப்பா. களவெடுப்பாரே?"

எடுத்தார். தோண்டத் தோண்ட நத்தை ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான் வந்தன. ஒருநாள் விடியற்காலை, பல்லைச் சவர்க்காரப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு பேராசிரியர் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கச்சு முகம்மது துக்கம் விசாரிக்க வந்தார்.

"உலகச் சாமானைக் கள்ளனிட்டப் பறிகுடுத்திட்டு இந்த மனிசன் உழவு மெசினுக்குச் சொல்லிவிட்டிருக்கு நானா!" கமலாசனி தலையில் அடித்துக்கொண்டாள்.

மயில்வாகனத்தார் கச்சு முகம்மதுவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தொலைபேசிக் கடைக்குப் போய், ஹொங்கொங்கில் கப்பல் வேலை பார்க்கும் தம்பியைப் பிடித்தார்.

"டேய் சுஜிதன், அந்த மருந்துக் கடையில இன்னொரு பல்லு வாங்கி அனுப்பு, கச்சு நானான்ர காணியிலயும் மிதிவெடி கிடக்கு."