உதட்டில் ஏறிய நீலம்

மருத்துவமனை அறையில் அப்போது இருந்தவர்கள் தணிகாசலம், மகன் திவாகர், மருமகள் ரக்ஷனா, பணிப்பெண் யந்தி, மருத்துவர். ஒன்பது மாதப் பேரனின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“வாய்ப்புண்ணுக்கு மரத்துப்போக வைக்கிற ஜெல் தடவுனீங்களா? ரெண்டு வயசுக்குள்ள தடவவே கூடாது. தெரிஞ்சா உடனே மாற்று மருந்து போட்டுடலாம்” என்றார் மருத்துவர்.

“கண்ட கடை மருந்தைக் குழந்தைக்குப் போடுற குடும்பம் இல்ல டாக்டர் எங்களோடது.” தணிகாசலம் நிமிர்ந்தே நின்றார்.

“யந்திதான்பா காலையில தூக்கி வச்சிருந்தா” என்றான் திவாகர்.

“சத்தியமா நான் இல்ல சார்!” யந்தி அழுதாள்.

“மாமா, நீங்களும் வீட்டுலதானே இருந்தீங்க? ஏதாச்சும் பாத்தீங்களா?” ரக்ஷனா அவர் பக்கம் திரும்பினாள்.

“எனக்கென்னம்மா தெரியும்?”

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் குழந்தை போய்விட்டது. மறுவாரம் யந்தியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலைக்காரி தடவிய மருந்தால்தான் பிள்ளை செத்தது என்று தேக்கா சந்தையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவள் தடவவில்லை. பல்செட் உரசிய தம் புண்ணுக்கு வாங்கிய ஜெல்லை, பேரனின் அழுகை தாங்காமல் அவன் வாயில் தடவியவர் தணிகாசலம்.