மொட்டை டயரின் மினுமினுப்பு

மகுடேசன் நான்கு கடை ஏறி இறங்கி, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத தாவர எண்ணெய் பாலிஷாகப் பார்த்து வாங்கிவந்தார். காரின் டயர்களுக்கு அதை ஸ்பாஞ்சால் பூசிவிட்டார்.

“இயற்கைக்கு உகந்த பாலிஷாக்கும்! பொறாமையா இருக்கா?” என்று முன்டயர், டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியைக் கேட்டது.

“உன் பட்டனெல்லாம் தேஞ்சு மொட்டையாகி ஆறு மாசமாச்சு. மினுக்கிட்டுத் திரியறியே, வெட்கமா இல்லை?” என்றது ஸ்டெப்னி.

“டிக்கிக்குள்ள கிடக்கிறவனுக்கு அழகைப் பத்தி என்ன தெரியும்?”

சாயங்காலம் மழை பெய்தது. வளைவில் பிரேக் போட்டதும் முன்டயர் வழுக்கி, கார் சாக்கடையில் இறங்கியது. மகுடேசனுக்கு நெற்றி புடைத்துவிட்டது. ஓடிவந்தவர்கள் டயரைத் தடவிப் பார்த்து, “இதை வச்சுக்கிட்டா ஓட்டுனீங்க?” என்று காறித் துப்பினார்கள்.

“பாத்தியா, கூட்டமே என்னைத்தான் பாக்குது!” என்றது டயர்.