மட்டி சொன்ன இடம்

ஆற்றில் மணல் அள்ளும் எந்திரம் இறங்கிய மறுநாளே நண்டு கிளம்பிவிட்டது. போகிற போக்கில் மட்டிச் சிப்பியிடம், "உனக்கு இருக்கிறதே ஒத்தைக் கால். இந்தக் கலங்கல்லயே கிடந்து சாகப்போற," என்றது.

"ஊன்றி நிக்க ஒண்ணு போதும். பத்துக் கால் வச்சிருக்கிற நீ ஓடு," என்றது மட்டி.

சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. சேற்றுத் தண்ணீரைக் குடித்துத் தெளிந்த தண்ணீராக வெளியே விட்டது. எந்திரம் கலக்கக் கலக்க, அதுவும் விடாமல் குடித்தது. சாயங்காலத்துக்குள் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்தது.

மூச்சு முட்டித் தவித்த கெண்டை ஒன்று அந்தத் தெளிவைத் தேடி வந்தது. மட்டி இதற்குத்தான் காத்திருந்தது. கடுகிலும் சிறிய தன் குஞ்சுகளை அதன் செவுளில் பீய்ச்சி விட்டது.

"என்னக்கா இது, செவுள் அரிக்குது?"

"என் பிள்ளைங்க. மீன் செவுள்ல தொத்தித்தான் எங்க வம்சமே வளரும். பத்து நாள் சுமந்து இறக்கி விட்டுடு."

"சரி, அணைப்பக்கம் கொண்டுபோறேன். அங்க எந்திரம் வராது."

"அங்க எதுக்கு? தெளிஞ்ச தண்ணியில அவங்களுக்கு என்ன வேலை? ஆத்து மேல்பக்கம் எந்திரம் தோண்டிப்போட்ட கலங்கல் பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள இறக்கு," என்றது மட்டி.