நுனியில் இருந்த விளக்கு

லென்ஸ் அக்கா சொன்னதைக் குட்டி விளக்கு பல வருடங்களாக முழுசாக நம்பவில்லை. தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் குழாயின் நுனியில் இருவரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எரிவது விளக்கின் வேலை, பார்ப்பது அக்காவின் வேலை. உள்ளே போனதும் தொண்டை துள்ளித் துடிக்கும்.

"ஏன்க்கா இப்படித் துள்ளுது?"

"பொறந்ததுலேர்ந்து இருட்டுலயே கிடக்குதுடா. உன்னைப் பார்த்த சந்தோஷம்!"

பிறகு மருத்துவர் குழாயை மாற்றி அமைத்தார். விளக்கை வெளியே ஒரு பெட்டிக்குள் வைத்து, வெளிச்சத்தை மட்டும் கண்ணாடி இழை வழியாக உள்ளே அனுப்பினார். விளக்கின் சூடு தணிய ஒரு விசிறியும் பெட்டிக்குள் சுழன்றது. அதன் பின் எந்தத் தொண்டையும் முன்போல் துடிக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து குழாயைப் பெட்டியருகே மாட்டியதும் விளக்கு கேட்டது:

"அக்கா, மறைக்காமச் சொல்லு. நான் அவங்களைச் சுட்டேனா?"