அக்கா தம்பி என்பதற்குச் சாட்சி

நறுமுகை பெற்ற இரண்டு பிள்ளைகளையும் அக்கா தம்பி இல்லை என்று பள்ளி இயந்திரம் இரண்டு முறை சொல்லிவிட்டது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அக்கா படிக்கும் பள்ளியில் தம்பிக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் உண்டு. அதற்காகப் பலரும் போலிச் சான்றிதழ் வாங்கியதால், இயந்திரம் இப்போது காகிதத்தை நம்புவதில்லை. பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து, பேசுவதைக் கேட்டு முடிவு சொல்கிறது. மூன்றாவது முறையும் தவறினால், ஓர் இடத்துக்கு நூறு பேர் முட்டி மோதும் குலுக்கல்தான் கதி.

நறுமுகை அறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் அவள் சொல்லிக்கொடுத்தபடியே பேசினார்கள்.

"அக்கா, நீங்க முதல்ல பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"பரவாயில்ல தம்பி, நீ சாப்பிடு."

கதவுக்கு மேலே, 'இல்லை' என்பதற்கான சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. வீட்டில் இவர்கள் என்றைக்கு இப்படிப் பேசினார்கள்? அக்கா தம்பியாக நடிக்க வந்த இரவல் பிள்ளைகள்தான் இப்படிப் பேசுவார்கள்! நறுமுகை கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஏய் இதழினி, உன் கலர் பென்சில உடைச்சது யாருன்னு அவனக் கேளு!"

"நீயாடா உடைச்ச, பன்னி?"

"நீதான்டி பன்னி! அம்மா, கிள்ளுறாம்மா!"

மரியாதையை விட்டுச் சண்டை போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. தம்பிக்கு இடம் கிடைத்தது.