பதினைந்துக்கு ஒரு கார்டு

அக்கா விரலால் மேசையை இரண்டு முறை தட்டினாள். இன்னொரு கார்டு வேண்டும் என்று அர்த்தம்.

அவள் கையில் பதினைந்து. டீலராக நின்ற அவன் பக்கம் திறந்து கிடந்தது ஆறு.

அவனுக்குக் காது மடல் சுட்டது. பதினைந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் அது. ஆறை வைத்திருக்கும் டீலர் நூற்றுக்கு நாற்பத்திரண்டு தடவை தானாகவே இருபத்தொன்றைத் தாண்டித் தோற்பான். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். கார்டு கேட்டாலோ, பதின்மூன்று வகையில் ஏழு வகை அவளை அங்கேயே கவிழ்த்துவிடும்.

இது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அதுதான் எரிச்சல்.

மூன்று மாதமாக, பிளாக்ஜாக் சீட்டாட்ட டீலருக்கான மாலை வகுப்பு முடிந்து வந்து, எந்தச் சீட்டுக்கு எப்படி ஆட வேண்டும் என்ற பட்டியலை அவன் ஒப்பிக்க, தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவளே அவள்தான். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் உறையில் போடமாட்டாள். இரண்டாவது வாரத்திலேயே தாளைப் பார்க்காமல் அவனைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். தனக்குத் தலையில் ஏதாவது இருக்கிறதா என்று அவன் நோட்டில் எழுதி வைத்தது அன்றைக்குத்தான்.

கார்டைப் போட்டான். ஒன்பது. மொத்தம் இருபத்து நான்கு.

அவள் பந்தயமாக வைத்திருந்த காய்களை அவன் அள்ளி எடுத்துக்கொண்டான்.

கடைசி நாள் தேர்வுக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். அந்த ஆள்தான் எதிரே உட்கார்ந்து ஆடுவார். எல்லாம் பிளாஸ்டிக் காய்தான், காசு கிடையாது. ஆனால் டீலர் யோசனை சொல்லக் கூடாது. வாயால் மட்டுமல்ல, புருவத்தாலும். சொன்னால் அத்தோடு சரி. பதினோரு பேரில் இரண்டு பேருக்குத்தான் கேசினோவில் வேலை.

அவனுக்கோ சொந்தப் புருவத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை.

அடுத்து அவளுக்கு இரண்டு பத்து வந்தது. இருபது. சின்னப் பிள்ளைகூட அதைத் தொடாது. அக்கா அதைப் பிரித்து இரண்டு ஆட்டமாக ஆடினாள். இரண்டும் போயிற்று.

டீலருக்கு ஏஸ் விழுந்தபோது, அவனுக்கு இருபத்தொன்று வந்துவிடும் என்று பக்கப் பந்தயமாக இன்ஷூரன்ஸ் கட்டினாள்; பட்டியல் கூடவே கூடாது என்று சொல்வது அது. அதுவும் போயிற்று.

"என்ன டீலர் சார், தூக்கமா? கார்டைப் போடுங்க."

வகுப்பு சிரித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

தேர்வுக்கு முன்னால், வகுப்பு நடத்தும் மாஸ்டர் அக்காவைத் தனியே அழைத்துக் காதோடு ஏதோ சொன்னது இப்போது அவனுக்கு நினைவு வந்தது. அப்படியானால் இது அவர் வேலை. அவன் வாயைப் பிடுங்குவதற்குக் கூடப் பிறந்தவளையே ஏவிவிட்டிருக்கிறார். இதெல்லாம் ஒரு தேர்வா?

கடைசிக் காய் போகும்வரை அவன் முகத்தில் ஓர் இழைகூட அசையவில்லை.

கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று, டீலர் முறைப்படி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு மேசையை விட்டு விலகினான். கல் மாதிரி நின்றாய் என்று மாஸ்டர் முதுகில் தட்டினார். தேர்வான இரண்டு பேரில் ஒருவன் அவன்.

பஸ் நிறுத்தத்தில்தான் வெடித்தான்.

"அவரு தப்பா ஆடச் சொன்னா நீ ஆடிடுவியா? ஒரு வார்த்தை வெளிய வந்திருந்தா என் மூணு மாசமும் மண்ணாப் போயிருக்கும். நீயெல்லாம் ஒரு அக்காவா?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அவரு சரியாத்தான்டா ஆடச் சொன்னாரு. பட்டியல்ல இருக்கிறபடியே ஆடுங்க, தம்பிக்குப் பதட்டம் குறையும்னாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தெரு விளக்கடியில் அது பளபளவென்று, காய்ச்சல்காரியின் முகம்போல இருந்தது.

"பதினஞ்சு வந்துச்சு பாரு. அடுத்தது ஆறுதான்னு அப்படியே தோணிச்சுடா."

பஸ் வந்தது. படியில் ஏறும்போது, அவன் வேலைக்குச் சேரப்போகும் இடத்தில் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்களா என்று, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.